ஆர்வில் பெயரில் எழுதிய ஏழு நாள்

பத்தொன்பது வருடமாக நெல்டா புரூயிட்டுக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை. மூன்றரை மணிக்குக் கண் தானாகத் திறந்துகொள்ளும். குடுவையில் காபியை ஊற்றிக்கொண்டு மேட்டுக்கு வண்டியை ஏற்றிவிடுவாள். நாலரைக்கு அவள் குரல் ரேடியோவில் ஹேஸ்டன் மாவட்டம் முழுக்கக் கேட்கும். வெள்ளத்தில் மூழ்கிய தரைப்பாலம், பன்றி விலை, பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் சிரிப்போடு சொல்லுவாள். அந்தச் சிரிப்புக்குத்தான் சம்பளம் என்று அக்கா ஒசெல்லா கேலி செய்வாள்.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் அந்த மலைப்பக்கத்தில் ரேடியோ ஸ்டேஷன் இரண்டுதான். மேட்டின்மேல் இருந்தது மேட்டு ஸ்டேஷன், ஆற்றோரம் இருந்தது ஆற்று ஸ்டேஷன். மேட்டில் கண்ட்ரி என்கிற நாட்டுப்புறக் கிதார்ப் பாட்டு, ஆற்றோரம் தேவாலயப் பாட்டு என்று பல வருடம் சண்டையில்லாமல் ஓடியது. தொண்ணூற்றைந்தில் ஆற்று ஸ்டேஷனை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, ஒரே ராத்திரியில் அதையும் கண்ட்ரிக்கு மாற்றினார். அன்றைக்குப் பிடித்தது போட்டி. கேட்பவர்களுக்கு இவர்கள் ஒரு பன்றித்தொடை பரிசு கொடுத்தால் அவர்கள் இரண்டு கொடுத்தார்கள்.

ஆற்று ஸ்டேஷனில் மாறாத ஒரே ஆள் ஹாய்ட் லாம்பெத். முப்பது வருடமாக அங்கே காலைக்குரல் அவர்தான். ஆறு நாற்பதுக்கு மெதுவான ஆர்கன் இசையைப் பின்னால் ஓடவிட்டுச் சாவுச் செய்தி வாசிப்பார். யார் போனார்கள், அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு, ஊரார் சமைத்துத் தரும் சாப்பாட்டுப் பாத்திரங்களை எந்த வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும், எல்லாம் வரும். துக்க வீட்டார் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டேஷன் கதவுத் துளையில் போட்டுவிட்டால் போதும். மேட்டிலும் ஒரு காலத்தில் வாசித்தார்கள். மேலாளராக வந்த பிரைஸ்தான் நிறுத்தினான். "காபி குடிக்கிற நேரத்துல சாவுச் செய்தியா? வேற ஸ்டேஷனுக்குத் திருகிட்டுப் போயிடுவாங்க நெல்டா." அவள் மறுத்துப் பேசவில்லை.

தொண்ணூற்றேழு வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் ஆர்வில் குளிர்ப்பெட்டியின் மேலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் போட்டார்.

"உன் ஆளுங்க அனுப்பியிருக்காங்க போல. நீயே எழுதிடு புள்ள. எனக்கும் பேனாவுக்கும் ஆகாது."

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஸ்டேஷனை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணும் கம்பெனி, மாவட்டத்தில் சில வீடுகளைப் பொறுக்கி இந்தப் புத்தகத்தை அனுப்பும். ஆளுக்கு ஒன்று. ஒரு வாரம், எந்த நேரத்தில் எதைக் கேட்டோம் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒசெல்லா தன்னுடையதை அப்போதே அடுப்பில் போட்டிருந்தாள்.

"என் ஆளுங்க இல்ல அத்தான். ரேடியோவுல வேலை செய்யறவங்க இதைத் தொடவே கூடாது."

"தொட்டா ஒட்டிக்குமா?"

"நீ எழுதுடி," என்றாள் ஒசெல்லா. "இவரு எழுத உக்காந்தா அடுத்த ஈஸ்டர் வந்துடும்."

"சரி, காலையில என்ன கேக்கறீங்க?" அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பதில் தெரியும் என்ற சிரிப்பு.

ஆர்வில் ரொட்டியால் குழம்பை வழித்துக்கொண்டிருந்தார். "மாட்டுக் கொட்டகையிலயா? ஹாய்ட்டுதான். வேற யாரு?"

மேசைக்கு அடியில் ஒசெல்லாவின் கால் நகர்ந்தது.

"என்னத்துக்கு உதைக்கறே? மாடுங்களுக்கு அந்த ஆளு குரல் பழகிடுச்சு. நெல்டாவையும் ஒரு வாரம் போட்டுப் பாத்தேன். இவ சிரிக்கிறப்போ எல்லாம் அந்தச் செவலைப் பசு பால் வாளியைத் தட்டி விட்டுடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நெல்டாதான் அதிகம் சிரித்தாள்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்தாள். அந்த வாரம் முடிந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து முதல் வரியில் நேரத்தை எழுதினாள். நாலே முக்கால் முதல் ஏழே கால் வரை. அது உண்மை. அடுத்த கட்டத்தில் ஸ்டேஷன் பெயர் எழுத வேண்டும். பேனா நின்றது. இந்தத் தடவை எண்ணிக்கை இறங்கினால் முதலாளி ஸ்டேஷனை விற்றுவிடுவார், ஏழு பேருக்கு வேலை போகும் என்று பிரைஸ் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் எழுதினேன் என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உண்மையில் அப்போது அவள் நினைத்தது செவலைப் பசுவைத்தான். சொந்த அக்கா வீட்டில்கூட என்னைக் கேட்பாரில்லையா?

மேட்டு ஸ்டேஷன் என்று எழுதினாள். முதல் வரிதான் கஷ்டமாக இருந்தது. மற்றது கடகடவென்று வந்தது. சனிக்கிழமையில் மட்டும் நடுவே ஒரு மணி நேரத்தைக் காலியாக விட்டாள். அப்போதுதான் நிஜம் போலத் தெரியும் என்று தோன்றியது. பிறகு அவளைத் தூங்கவிடாமல் செய்தது ஏழு நாள் பொய்யைவிட அந்த ஒரு மணி நேர வெற்றிடம்தான். ஆத்திரத்தில் கை தவறியது என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி அது குறுக்கே நின்றது.

மாவட்டம் முழுவதிலிருந்தும் திரும்பி வந்தவை முப்பத்தொரு புத்தகங்கள். மேட்டு ஸ்டேஷன் மயிரிழையில் முந்தியது. பிரைஸ் கேக் வாங்கி வந்தான்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஆற்று ஸ்டேஷனில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. சனிக்கிழமையும் அதே பாட்டு. ஹாய்ட் மைக்கிலேயே சாய்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று இரண்டு பேர் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். பூட்டு தொங்கியது. திங்கட்கிழமை காலை, எங்கோ தூரத்து நகரத்திலிருந்து இரண்டு பேர் விளையாட்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கையில் பின்தங்கியதும் வெளியூர் முதலாளி ஆட்களையே நிறுத்திவிட்டார்; இனி எல்லாம் செயற்கைக்கோள் வழியாகத்தான். ஆற்றோர அறையில் ஒரு இயந்திரம் மட்டும் இருந்தது. ஹாய்ட்டுக்குப் போய்வருகிறேன் என்று சொல்ல ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

"எப்படியும் மாத்தத்தான் போறாங்கன்னு பேச்சு இருந்துச்சு," என்றான் பிரைஸ். நெல்டா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினாள்.

அக்டோபரில் க்ளோவிஸ் செத்துப்போனார். ஆர்வில்லும் அவரும் நாற்பது வருடம் சேர்ந்து வைக்கோல் கட்டியவர்கள். க்ளோவிஸ் வயதான காலத்தில் மாவட்டத்தின் மறுகோடியில் மகளிடம் போயிருந்தார். அங்கே வாசிக்க ஆளில்லை என்பது தெரியாத மகள், வழக்கம்போல ஒரு சீட்டு எழுதி ஆற்று ஸ்டேஷன் கதவுத் துளையில் போட்டுவிட்டு, ஊருக்கே சொல்லியாயிற்று என்று இருந்துவிட்டாள். சனிக்கிழமை சாவு, திங்கட்கிழமை அடக்கம். வாரப் பத்திரிகை வருவது வியாழக்கிழமை. சவப்பெட்டி தூக்க ஆறு பேர் சேராமல், அடக்கம் செய்யும் கடைக்காரர் தன் ஆட்கள் இருவரைக் கை கொடுக்கச் சொன்னாராம். ஆர்வில்லுக்கு விஷயம் தெரிந்தது புதன்கிழமை, தீவனக் கடையில். சொன்னவர் ஹாய்ட். இப்போது அங்கேதான் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார்.

ஒசெல்லா போன் செய்தாள். "கறந்துட்டு உள்ளயே வரலடி. கொட்டகையில வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்காரு. ஹாய்ட்டு இருந்திருந்தா தெரிஞ்சிருக்குமேங்கறாரு. அதையேதான் சொல்றாரு."

நெல்டா நேரே தீவனக் கடைக்குப் போனாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். என்ன வேண்டும் என்று ஹாய்ட் கேட்டதும், வாயில் வந்ததைச் சொன்னாள். கோழித் தீவனம், ஒரு மூட்டை.

"உங்கிட்ட ஏது கோழி?" மூட்டையை வண்டியில் ஏற்றும்போது ஹாய்ட் கேட்டார்.

"இல்ல அண்ணே." அங்கேயே, வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். காலியாக விட்ட ஒரு மணி நேரத்தையும் விடவில்லை.

ஹாய்ட் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அழுவாரோ என்றுகூடப் பயந்தாள்.

"இதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண நெல்டா? எங்கிட்ட சொல்லிட்டா உனக்கு லேசாயிடும். அவ்வளவுதானே? அதுல என் பேரா போட்டிருந்தது? ஆர்வில் பேருதானே." பின்கதவை அறைந்து சாத்தினார். "மூட்டைக்குக் காசு உள்ள குடுத்துட்டுப் போ."

அக்கா வீட்டுச் சமையலறையில் இரண்டாம் முறை எல்லாவற்றையும் சொன்னாள். ஆர்வில் தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்.

"நான் ஹாய்ட்டுன்னு சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க அத்தான்."

"அப்போ என் கையைப் பிடிச்சு அந்த ஆளைத் தள்ளி விட்டிருக்கே."

ஆர்வில் இழுப்பறையிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்தார். பேனாவே பிடிக்காதவர் ஒரு மணி நேரம் குனிந்து எழுதினார். ஏப்ரல் மாதம் என் பெயரில் வந்த புத்தகம் நான் எழுதியது அல்ல. நான் கேட்டது ஆற்று ஸ்டேஷனில் ஹாய்ட் லாம்பெத். அவ்வளவுதான் கடிதம்.

"இந்தக் கடுதாசி அந்தக் கம்பெனிக்குப் போச்சுன்னா இவளுக்கு வேலை போயிடும்ங்க," என்றாள் ஒசெல்லா மெதுவாக.

பேனா நின்றது. "போகுமா?"

"போகும்," என்றாள் நெல்டா.

"மத்த ஆறு பேருக்கு?"

"எங்க ஸ்டேஷனை எண்ணிக்கையில இருந்தே எடுத்துடுவாங்க. அப்புறம் முதலாளி என்ன செய்வாரோ தெரியல."

ஆர்வில் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு அதை அவள் பக்கம் தள்ளினார். "நான் எழுத வேண்டியதை எழுதிட்டேன். அனுப்பறது உன் பாடு. அனுப்பினா என் பேருக்குக் கீழ உன் பேரும் இருக்கணும். என்ன செஞ்சேன்னும் எழுது."

மறுநாள் ஒலிபரப்பை முடித்துவிட்டு நெல்டா தன் வீட்டு வாசல் தபால் பெட்டியில் தான் செய்ததையும் தன் பெயரையும் சேர்த்து எழுதிய கடிதத்தை வைத்து, எடுத்துப்போகத் தபால் உண்டு என்று காட்டும் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டாள். உள்ளே போக மனம் வரவில்லை. ஆறு பேரின் பிள்ளைகள் பெயரும் அவளுக்குத் தெரியும். கையை நீட்டினால் கடிதத்தை எடுத்துவிடலாம். இரண்டு முறை பெட்டியைத் திறந்தாள். இரண்டு முறையும் மூடினாள்.

தபால்கார அம்மாள் டெல்ஃபா பதினொன்றரைக்கு வந்து, வண்டிக்குள் இருந்தபடியே கடிதத்தை உருவிக்கொண்டாள்.

"என்ன நெல்டா, வாசல்லயே நிக்கறே? காலையில உன்னைத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன்."

"அப்படியா?"

"ஹாய்ட்டு போயிட்டாரே. வேற யாரைக் கேக்கறது, சொல்லு?"

டெல்ஃபா கடிதத்தை வண்டியிலிருந்த பெட்டிக்குள் மற்ற கடிதங்களோடு போட்டாள், கொடியைத் தாழ்த்தினாள், அடுத்த வீட்டுக்கு வண்டியை நகர்த்தினாள்.