மகாராணியின் பிரசவ ஃபைல்

வீட்டில் அவனுக்கு டிகிரி என்று பெயர். பட்டம் வாங்கி வந்த அன்று அக்காவின் கணவர், பால் வண்டி ஓட்டும் மாமா, வைத்த பெயர். அவர் கிண்டலுக்குத்தான் வைத்தார். ஆனால் இவன் காதுக்குள் போகும்போது அது எப்படியோ பாராட்டாக மாறிவிடும். மாறாமல் என்ன செய்யும்? இவன் வம்சத்தில் இவனுக்கு முன்னால் மை தொட்டவர்கள் எல்லாரும் கட்டைவிரலால்தான் தொட்டார்கள். பேனா வழியாகத் தொட்டவன் இவன் ஒருவன்தான்.

வேலையும் அதற்கேற்ற வேலை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆவணச் சரிபார்ப்பு. மேசைக்கு வரும் காகிதத்தில் முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் இருந்தால் வலது பக்கம். ஒன்று குறைந்தாலும் இடது பக்கம். நான்கு வருடம் இதையே செய்ததில் உலகத்தையே அவன் வலது பக்கம், இடது பக்கம் என்று அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்படிப்பட்டவனுக்குப் பிராணி வளர்க்கும் ஆசை வந்தால் அது எப்படி வரும்? ஊரில் அப்பா ஆடும் மாடும் வளர்த்தார். படித்த பிள்ளை அதையே வளர்க்க முடியுமா? சான்றிதழோடு பிறக்கும் பிராணியாகத் தேடினான். பஞ்சுப் பொதிக்குக் கண் வைத்த மாதிரி ஒரு ஜோடி பெர்ஷியன் பூனைகள் கிடைத்தன. ஆணுக்குத் திவான் என்றும் பெண்ணுக்கு மகாராணி என்றும் பெயர் வைத்தான். மகாராணியின் சான்றிதழில் தங்க நிறத்தில் முத்திரை, நீல மையில் கையெழுத்து, தேதி, 'பாலினம்: பெண்' என்று தடித்த எழுத்து. இவ்வளவு சுத்தமான காகிதம் அலுவலகத்துக்கே வந்ததில்லை. சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் தன் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே மாட்டினான்.

அக்கா துணி தைப்பவள். அவள் தைக்கும் அறைதான் பூனைகளுக்குப் போனது. மிஷின் கூடத்துக்கு வந்தது. துணி வெட்டும் மேசையைப் போட இடமில்லாமல் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அவள் தரையில் குனிந்து வெட்ட ஆரம்பித்தாள்.

"குட்டி போடற வரைக்கும்தான் அக்கா. அப்புறம் ரூம் உன்னுது."

"என் இடுப்பு அதுவரைக்கும் தாங்குமான்னு உன் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

புத்தகம் இல்லை. ஃபைல். மகாராணிக்கென்று ஒரு பச்சை ஃபைல் போட்டிருந்தான். உணவு, எடை, உறக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தாள். ஒருநாள் மாலை திவான் மகாராணியின் கழுத்தைக் கவ்வி அமுக்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, 'மாலை 5.40. இணைசேர்க்கை. வெற்றி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தான். அறுபத்தைந்து நாளில் குட்டி. தாய்க்குப் போஷாக்கு முக்கியம் என்று சாப்பாட்டை இரண்டு மடங்காக்கினான். வயிறு நாளொரு மேனியாகப் பெருத்தது. சந்தோஷத்தில் அலுவலக மேலாளருக்கு ஒரு குட்டி, எதிர்வீட்டு ஆசிரியைக்கு ஒரு குட்டி என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

இனி ஒரு நல்ல கால்நடை மருத்துவர் வேண்டும். நம்பிக்கையான ஆள். எப்படிக் கண்டுபிடிப்பது? தாளில் கட்டம் போட்டான். பெயர்ப்பலகையில் பட்டங்களுக்குப் பத்து மதிப்பெண். சுவரில் சான்றிதழ் இருந்தால் பத்து. குளிர்சாதனத்துக்கு ஐந்து. அரசுக் கால்நடை மருத்துவமனை அலுவலகம் போகும் வழியிலேயே இருந்தது. ஆனால் வாசலில் ஆடு நிற்கும் இடத்துக்கு மைனஸ் இருபது என்று விதி வைத்திருந்தான். சின்ன வயதில் அப்படியொரு வாசலில் அப்பாவுடன் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான். பட்டம் வாங்கினதே அந்த வரிசையிலிருந்து விலகத்தானே.

முதல் மருத்துவருக்குப் பலகையில் ஐந்து பட்டங்கள். அவர் ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினார்.

"இப்படி ஒரு ஓனரை நான் பார்த்ததே இல்ல. என் ஸ்டாஃப்கூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க."

சத்துமருந்து எழுதிக் கொடுத்தார். மகாராணி கூடையை விட்டு வெளியே வரவே இல்லை. அதை இவன் கவனிக்கவும் இல்லை. அன்று வீட்டுக்கு இரண்டு அங்குலம் வளர்ந்து வந்தான்.

இரண்டாவது மருத்துவர் கூடைக்குள் கையை விட்டு மேலாக ஒரு தடவு தடவினார். "நாலு இருக்கும்."

"எப்படி டாக்டர் தெரியுது?"

"எக்ஸ்பீரியன்ஸ்."

'குட்டிகள்: நான்கு. ஆதாரம்: அனுபவம்' என்று ஃபைலில் ஏறியது.

அறுபத்தைந்தாம் நாள் வந்தது, போனது. எழுபதாம் நாளும் போனது. மகாராணி நான்கு எட்டு நடந்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. சாப்பாட்டுத் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. எழுபத்துநான்காம் நாள் காலை, அக்காவின் வெட்டுத்துணி மேல் சாய்ந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. துணியை இழுத்தால் எங்கே அதற்கு வலிக்குமோ என்று அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"டேய், குட்டிய விடு. முதல்ல இது பிழைக்குமா பாரு" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. டிகிரி ஃபைலை விட்டுவிட்டு முதலில் கூடையை எடுத்தான்.

லீவு போட்டுவிட்டு மூன்றாவது மருத்துவமனைக்கு ஓடினான். மதிப்பெண் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். கண்ணாடிக் கதவு, டோக்கன், மெத்தை நாற்காலி. மருத்துவர் ஃபைலை வாங்கித் தேதியைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"எழுபத்துநாலு நாளா? குட்டிங்க உள்ளயே செத்துப் போயிருக்கும். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஆபரேஷன். இனி வெயிட் பண்ணக் கூடாது."

"ஸ்கேன் ஏதாவது, டாக்டர்?"

"மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கு. தேதி இவ்வளவு க்ளியரா எழுதி வெச்சிருக்கீங்க. அப்புறம் ஸ்கேன் எதுக்கு?"

வரவேற்பு மேசைப் பெண் ஃபைலில் இருந்த இணைசேர்க்கைத் தாளை நகல் எடுத்துக்கொண்டு, ஒரு ஒப்புதல் படிவம் கொடுத்தாள். மயக்க மருந்தால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. முத்திரை இருந்தது. மருத்துவரின் கையெழுத்து இருந்தது. தேதி இருந்தது. வலது பக்கம் வைக்க வேண்டிய காகிதம். ஆனால் கூடைக்குள்ளிருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பேனாவைத் திறந்தான், மூடினான்.

"நாளைக்குக் காலையில வந்து போடறேன்" என்றான்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தான். எடுத்தது மாமா.

"அறுக்கணுங்கறாங்க, மாமா."

"யாரு, அந்தக் கண்ணாடிக் கடையா? தொட்டுப் பார்த்தாங்களா?"

டிகிரி யோசித்தான். தொட்டுப் பார்த்தார்களா? "ஃபைலைப் பார்த்தாங்க" என்றான்.

"மாப்ள, வர்ற வழியில கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்க. போன வாரம் பால் பண்ணையில தோள் வரைக்கும் கைய உள்ள விட்டுக் கன்னுக்குட்டிய திருப்பி எடுத்தாங்க. என் கண்ணு முன்னால. ஒரு எட்டு காட்டிட்டு வா."

"அவங்க மாட்டு டாக்டர், மாமா."

"உன் பூனையும் இப்ப கன்னுக்குட்டி சைஸ்லதான் இருக்கு. போ."

மைனஸ் இருபது மதிப்பெண் வாசலில் மூன்று ஆடுகள், ஒரு எருமை, ஒரு கூண்டு நிறையக் கோழிகள். டிகிரி இஸ்திரி போட்ட சட்டையோடு எருமைக்குப் பின்னால் வரிசையில் நின்றான். எருமை வாலை வீசும்போதெல்லாம் ஃபைலை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். அவ்வளவு கலக்கத்திலும் அந்தப் புத்தி மட்டும் வேலை செய்தது.

டாக்டரம்மாவுக்கு இவன் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். சட்டைக் கையில் சாணம் காய்ந்திருந்தது. இவன் ஃபைலை நீட்டினான். அவர் அதை வாங்கி, திறக்காமலே ஜன்னல் திண்டில் வைத்தார். வெளியே நின்ற ஆடு ஒன்று தலையை நீட்டி அதை மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன எடை?"

"ஃபைல்ல மூணாவது பக்கத்துல இருக்கு, மேடம்."

"ஃபைல் எடை கேக்கல. பூனையைத் தராசுல வைங்க."

ஏழு கிலோ முன்னூறு. அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மகாராணியின் வயிற்றுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்தார். கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு விரல்களால் மட்டும் தேடினார். பிறகு வாலைத் தூக்கி, ரோமத்தை விலக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"இதுக்குப் பேர் என்ன?"

"மகாராணி."

"யார் வெச்சது?"

"நான்தான்."

"மாத்திடுங்க. இது ஆம்பளை. அதுவும் எப்பவோ கருத்தடை ஆபரேஷன் பண்ணின ஆம்பளை."

டிகிரிக்கு எருமை தன் காலை மிதித்துவிட்டது போல இருந்தது. "சர்டிபிகேட்ல பெண்ணுன்னு போட்டிருக்கே, மேடம். முத்திரையோட இருக்கு."

"சர்டிபிகேட்டுக்கு வால் இருக்கா? இதுக்கு இருக்கு. வந்து தூக்கிப் பாருங்க."

பார்த்தான். இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவர் விரலால் காட்டினார். பெண் என்றால் இவ்வளவு தள்ளி இருக்காது. காட்டியே இருக்க வேண்டாம். ஏழு வயதில் ஈன்ற ஈரம் காயாத ஆட்டுக்குட்டியைத் தூக்கிய தூக்கிலேயே கிடாவா பெட்டையா என்று அப்பாவுக்குச் சொன்னவன் இவன். அப்போது அவனுக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது. அதனால் பிராணியைப் பார்த்தான்.

"திவானோட சேர்ந்ததை நேர்ல பார்த்துத் தேதிகூட எழுதி வெச்சேனே" என்றான், கடைசியாக ஒரு கயிறு கிடைக்குமா என்று.

"எப்படிச் சேர்ந்துச்சு?"

"கழுத்தைப் பிடிச்சு அமுக்கிச்சு."

"யார் பெரியவன்னு காட்டியிருக்கும். நீங்க சண்டைக்குத் தேதி எழுதி வெச்சிருக்கீங்க."

"அப்ப வயித்துல இருக்கறது?"

"நீங்க போட்ட சாப்பாடு. கொழுப்புன்னுதான் என் கை சொல்லுது. ஆனா எனக்குப் பூனை அதிகம் பழக்கமில்ல. வேற கட்டி எதுவும் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் உறுதியாச் சொல்வேன். மாட்டுக்கு வாங்கின ஸ்கேன் பின்னாடி இருக்கு. உட்காருங்க."

இரண்டு மாதமாகத் தேடியதில் 'எனக்குப் பழக்கமில்லை' என்று சொன்ன முதல் மருத்துவர். இவன் பட்டியலில் அதற்குக் கட்டமே இல்லை.

வயிற்றில் ரோமம் மழித்து ஸ்கேன் எடுத்தார். கட்டி இல்லை. குட்டி இல்லை. கொழுப்பும், நான்கைந்து நாளாக வெளியே போகாமல் இறுகிக் கிடந்த கழிவும்தான் இருந்தன. அதற்கு அங்கேயே எனிமா கொடுத்தார். பிறகு தினமும் போட வேண்டிய உணவின் அளவை எழுதினார். டிகிரி போட்டுக்கொண்டிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், வாராவாரம் எடை பார்க்க வர வேண்டும் என்றார்.

"நாளைக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க" என்றான்.

டாக்டரம்மா முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார். "இந்த எடைக்கும் இந்த மூச்சுக்கும் மயக்கம் குடுத்திருந்தா, எழுந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"உங்களுக்குப் பிடிச்ச வேலையை இன்னிக்கு ஒருநாள் செய்யாம இருந்தீங்களே" என்றார். ஃபைலைப் பார்த்துத்தான் சொன்னார்.

வீட்டில் அக்கா கதவருகிலேயே நின்றாள். "என்னடா சொன்னாங்க? பிழைக்குமா?"

"பிழைக்கும்."

"குட்டி?"

"குட்டி இல்ல, அக்கா." நிறுத்தினான். எங்கிருந்து ஆரம்பிப்பது? "மகாராணி ஆம்பளை."

அக்கா அவனைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். பிறகு சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டு சான்றிதழ்களையும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே கடையில வாங்கினதாடா?" என்று கேட்டுவிட்டு, தரையில் துணிக்கு நடுவே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மாமா உள்ளேயிருந்து வந்து, விஷயம் கேட்டு, சுவரோரம் சாய்ந்திருந்த துணி வெட்டும் மேசையின் ஒரு முனையைத் தூக்கினார். "அந்தப் பக்கம் பிடி, டிகிரி. ரூமைக் காலி பண்ணுவோம்." இவன் மறுமுனையைத் தூக்கினான். அந்தப் பெயர் அன்றுதான் அவன் காதில் மாமா வைத்தபடியே, கிண்டலாகவே விழுந்தது.

மேசை அறைக்குள் போய்ச் சேர்ந்ததும் மகாராணி மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அதன் கீழே படுத்தது. அக்கா ஒரு வெட்டுத்துணியை மடித்து அதன் தலைக்குக் கொடுத்தாள். பெயரை மட்டும் யாருக்கும் மாற்ற மனம் வரவில்லை.

மேலாளருக்கும் ஆசிரியைக்கும் எப்படிச் சொல்வது என்பதை நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, டிகிரி கண்ணாடிக் கதவு மருத்துவமனைக்குப் போன் செய்தான்.

"நாளைக்கு ஒன்பது மணி ஆபரேஷன் கேன்சல் பண்ணணும்."

"காரணம் என்ன சார்? ஃபார்ம்ல எழுதணும்" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"பேஷன்ட் ஆம்பளைன்னு எழுதிக்கோங்க."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "சார், நீங்க குடுத்த காப்பி என் கையிலதான் இருக்கு. இதுல பெண்ணுன்னு தெளிவா இருக்கே. தேதியெல்லாம் இருக்கு. கையெழுத்தும் இருக்கு."

"அந்தக் கையெழுத்து என்னோடதுதாங்க" என்றான் டிகிரி. "அதை இடது பக்கம் வெச்சிடுங்க."