வசனம் தெரிந்தவர்களுக்குக் கண்ணாடி

சனிக்கிழமை காலையில் ஆலயத்தின் பின்னறையைத் திறந்ததும் கண்ணாடியக்கா செய்கிற முதல் காரியம் ஜெபமல்ல. அதற்காக அவரை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மேசைமேல் தட்டுத் தட்டாக இருக்கும் பழைய கண்ணாடிகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஒன்றில் எதிர்மதில் கரைந்து வெள்ளையாக வழியும். இன்னொன்றில் கொடியில் காயும் துணியெல்லாம் பறவையாகிவிடும். தெருவில் போகிறவர் தரையில் கால் பாவாமல் மிதந்துபோவார். "அந்த உலகத்துலயும் ஆளுங்க குடியிருக்காங்கப்பா. நான் சும்மா ஒரு நடை போயிட்டு வர்றேன்" என்பார் யாராவது சிரித்தால்.

முப்பது வருஷம் கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தவர் அவர். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல், அடுத்தவர் மூக்கையும் காதையும் அளந்தே காலத்தை ஓட்டிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே தம்பி வந்து நின்றார். கூடப்பிறந்த தம்பிதான் சபையின் போதகர். வீடு வீடாகப் போய்ப் பழைய கண்ணாடிகளைச் சேகரித்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்பது அவருடைய யோசனை. முன்னால் ஒரு சின்னப் பிரசங்கம் (சின்னது என்று அவர்தான் சொல்லிக்கொள்வார்), அது முடிந்ததும் பின்னறையில் கண்ணாடி. வாசித்துப் பார்க்கிற அட்டையும் அவர் அச்சடித்ததுதான். கடைகளில் இருப்பதுபோல ஏதோ எழுத்துகளைப் போடாமல், சபையில் எல்லோரும் சொல்கிற ஒரு வேதவசனத்தைப் பெரிய எழுத்தில் ஆரம்பித்து, கடைசி வரியில் எறும்பு எழுத்தாக முடித்திருந்தார்.

"கண்ணும் திறக்கும், மனசும் திறக்கும். எப்படிக்கா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அக்கா தலையாட்டிவிட்டார்.

வேலை கிடுகிடுவென்று நடந்தது. வந்தவர் வயதைப் பார்த்து அக்கா ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு அட்டையைக் கையில் கொடுப்பார். தெரியவில்லை என்றால் அடுத்தது. ஆனால் அடுத்தது தேவையே படவில்லை! தச்சர் ஒருவர் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்து ஆமென் போட்டார். சலவைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகி வாசித்தார். கடையில் ஓர் ஆளுக்கு ஐந்தாறு மாற்றிப் பார்த்த அக்காவுக்கு இங்கேதான் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததா? எங்கே! "அக்காவுக்கு என்ன கைராசி!" என்று ஊரே புகழும்போது சந்தேகத்துக்கு ஏது இடம். தலைகால் புரியாமல் வீட்டுக்குப் போவார். தன்னால் தெளிந்த கண்களெல்லாம் வழிநெடுகத் தன்னையே பார்ப்பதுபோல இருக்கும். கால் வலிகூடத் தெரியாது.

ஒரு மாதம் இப்படிச் சொக்கிப்போய்த் திரிந்தார்.

அன்று பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே தையல்காரம்மா பின்னறைக்குள் வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிற கூடத்தில் வேலை பார்ப்பவள். போன மாதம் வசனத்தை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்ததற்காகப் போதகரே கைதட்டியிருந்தார். கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இத வேற யாருக்காவது குடுத்துடுங்கக்கா. எனக்குத் தகுதியில்ல."

"என்னம்மா பேச்சு இது?"

"எல்லாருக்கும் தெரியுதாம். எனக்கு மட்டும் புகையா இருக்கு. காலர் தையல் கோணிக்கிட்டே போகுது. திங்கக்கிழமையும் கோணினா வீட்டுலயே இருந்துக்கோன்னு மேற்பார்வை பாக்குறவர் சொல்லிட்டார். என் ஒருத்தி கையாலதான் வீட்டுல நாலு பேர் சாப்பிடுறோம்."

"போன மாசம் அவ்வளவு நல்லா வாசிச்சியே! போடு, இன்னொரு தடவ பாப்போம்" என்று அக்கா அட்டையை நீட்டினார்.

தையல்காரம்மா வாங்கிக்கொண்டு, மேல்வரியில் விரலை வைத்து, முதல் சொல்லிலிருந்து தடங்கலில்லாமல் ஆரம்பித்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அக்கா தலையாட்டிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். அட்டை தலைகீழாக இருந்தது. அவள் விரல் ஓடிக்கொண்டிருந்தது எறும்பு எழுத்துகளின்மேல்.

"அம்மா... உனக்கு இது தெரியுதா, இல்ல மனப்பாடமா?"

"மனப்பாடந்தான்கா. வசனம் தெரிஞ்சவங்களுக்குத்தான் கண்ணாடின்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்களே. நான் அஞ்சு நாள் உக்காந்து படிச்சேன். தச்சர் அவர் பேத்திகிட்ட ஒப்பிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தார்."

அக்கா அட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் தான் விளையாட்டாகப் போய்வந்த அந்தப் புகை உலகத்தில், தன் கையாலேயே எத்தனை பேரைக் கொண்டுபோய்க் குடிவைத்திருக்கிறார்! ஐயோ, வண்டி ஓட்டுகிறவர்கூட ஒருவர் இருந்தாரே.

நேராக ஆலயக் கூடத்துக்குள் நடந்தார். போதகர் பாதிப் பிரசங்கத்தில் இருந்தார். ஜன்னல் வெயில் பெஞ்சுகளின்மேல் சாய்ந்து விழுந்து, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எங்கோ இருந்தார்கள். அக்கா தம்பியைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துப் பேசினார்.

"நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அந்த அட்டை வசனப் பரிட்சை இல்ல. தெரிஞ்சாலும் தெரியலன்னாலும் கண்ணாடி உண்டு. நான் குடுத்ததுல யாருக்கெல்லாம் சரியா தெரியல, கைய தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. மானம் இருக்கிறதே! தச்சர் கூரையைப் பார்த்தார். சலவைக்காரம்மா மடியிலிருந்த கண்ணாடிக்கூட்டை முந்தானைக்குள் தள்ளினார்.

மேடையில் போதகர் தன் கண்ணாடியைக் கழற்றினார். அதுவும் அக்கா மாட்டிவிட்டதுதான். கையைத் தூக்கினார்.

"எனக்கும் தெரியலக்கா. ஒரு மாசமா வேதத்த சும்மா விரிச்சு வச்சுக்கிட்டு, மனசுல இருக்கிறதத்தான் சொல்லிட்டிருக்கேன். நீ சந்தோஷமா இருந்தியா, சொல்ல மனசு வரல."

"அட மடையா!" என்றார் அக்கா, போதகர் என்பதையும் மறந்து. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு கைகள் எழுந்தன. ஒன்று, நாலு, பத்து. தச்சர் இரண்டு கையையும் தூக்கினார்.

அட்டையைத் தம்பியே வாங்கி வைத்துக்கொண்டார். அக்கா மேசைமேல் ஓர் ஊசியையும் நூலையும் வைத்து, தையல்காரம்மாவை முதலில் உட்காரவைத்தார். முதல் கண்ணாடி சரிப்படவில்லை. நாலாவதும் இல்லை. ஏழாவதை மாட்டியதும் அவள் நூலை எடுத்தாள். நூல் ஊசிக்காதுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பையிலிருந்து, திருப்பியனுப்பப்பட்ட சட்டை ஒன்றை எடுத்து, காலரைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அடக் கடவுளே, இவ்வளவு கோணலா! அந்த மனுஷன் ரொம்பப் பொறுமைசாலிதான்."

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே அது அழுகையாக மாறி, கோபமாக வந்து நின்றது.

"என்ன பாவம் பண்ணேன்னு தெரியாம, ஒரு மாசமா முட்டி போட்டு, பண்ணாததையெல்லாம் பண்ணேன்னு ஒத்துக்கிட்டேன்கா. என் மாமியார் செத்ததுகூட என்னாலதான்னு சொல்லிட்டேன். கடைசியில கண்ணாடிதானா?"

அக்காவும் தம்பியும் அவள் முன்னால் வந்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். கையைப் பிடிப்பதா, ஜெபம் பண்ணுவதா, ஒன்றும் தோன்றவில்லை. "எங்கள மன்னிச்சிடும்மா" என்றார் போதகர்.

தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். அதற்குள் காலரில் பாதித் தையலைப் பிரித்துவிட்டிருந்தாள். நிமிர்ந்து இருவரையும் நன்றாகப் பார்த்தாள்.

"சரி சரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும். வெளிச்சத்த மறைக்கிறீங்க."