அப்பாவின் கீழுதடு

என் அக்காவை எங்கள் தெருவில் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் வெகுகாலமாக வேலை பார்க்கிறாள். மெழுகில் ஈறு செதுக்குவாள், அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு நிமிர்த்துவாள். எதிரில் யாராவது பேசினால் பேச்சு காதில் ஏறாது, வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைக் கட்டிக்கொண்ட என் மாமா, ஆரம்பத்தில் அந்தப் பார்வையைக் காதல் என்று நம்பி ஏமாந்தவர்.

அப்பா போன பிறகு அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை செய்தே தீருவேன் என்று கிளம்பினாள். பின்னறையில் ஒரு உயரமான ஸ்டூல், அதில் நட்ட இரும்புக் கம்பி, கம்பியைச் சுற்றிக் களிமண். அம்மா அதைப் பார்த்து ‘இவர்தான்’ என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பாராட்டெல்லாம் அவளுக்குக் கால் தூசி.

முகம் ஒருவாறு உருவானதும் சித்தப்பா வந்து பார்த்தார். “அச்சு அசல் அண்ணன்தான்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். மனிதர் கண்ணாடியே போட்டிருக்கவில்லை. என்னைக் கேட்டால், நெற்றி அப்பா, மூக்கு அப்பா, காது அப்பா. மொத்தத்தில் வேறு யாரோ ஒரு நல்ல மனிதர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மணி கேட்பாரே, அந்த மாதிரி.

அம்மா வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். “மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்காரு. யாரு?”

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. “அப்பாதான்மா.”

“உங்கப்பாவா? வாய் அவரோடது இல்லையே.”

வேறு எதைச் சொன்னாலும் அக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். வாயைச் சொன்னால்? அப்பாவுக்குப் பல்செட் கட்டியபோது அவர் தாடையை அச்செடுத்த சாந்து வார்ப்பு இன்னும் அவளிடம் இருக்கிறது. அதை வைத்துக் காலிப்பரால் அளந்து அளந்து செய்த வாய் அது.

“வாய் என் தொழில்மா. மயிரிழை தப்பாது.”

“நீ அளந்துக்கோ. நான் அவரோட குடித்தனம் பண்ணினவ.”

இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே கடையில் வாங்கியது. அக்கா அழித்து அழித்துச் செய்தாள். அம்மா ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கடைசியில் அக்கா ஈரத்துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

“என்னால முடியலம்மா. நாளைக்கு இத உடைச்சுப் போட்டுடறேன்.”

அம்மா அந்தத் துணியைப் பொறுக்கி எடுத்தாள். “உடைக்காத. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கியிருந்தாரு. நீ கட்டிக் குடுத்த செட்டு அவருக்கு ஆடும்டி. கீழ்ப்பல்லு.”

“ஆடுமா? என்கிட்ட ஏன் சொல்லல? அரை மணி நேர வேலைம்மா அது.”

“நீ முதன்முதலா தனியாக் கட்டின செட்டு. என் பொண்ணு கட்டினதுன்னு பார்க்கிறவங்ககிட்டல்லாம் ஈன்னு காட்டிட்டுத் திரிஞ்சவரு, ஆடுதுன்னு எப்படிச் சொல்லுவாரு? கீழுதட்டால பிடிச்சுக்கிட்டே காலத்த ஓட்டிட்டாரு.”

அக்கா அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “எப்படிப் பிடிப்பாரு? காட்டு.”

அம்மா கீழுதட்டை உள்ளே இழுத்தாள். மோவாய் சுருங்கியது, இடது ஓரம் கொஞ்சம் இறங்கியது. அந்த முகத்தைத்தான் அப்பாவின் கண்டிப்பு என்று நினைத்து வீடே நடுங்கிக்கொண்டிருந்தது. பாவி மனிதர் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு அப்பாவின் தாடை. அது போதாதா? மறுநாள் அக்கா மெழுகை வளைத்து, அப்பாவின் செட்டு மாதிரியே ஆடும்படி செய்து என் கீழ்ப்பல்லின் மேல் வைத்தாள்.

“விழாம பிடிடா. பேசாத.”

உட்கார்ந்தேன். எச்சில் சட்டையில் வழிந்தது. என் உதட்டுக்குக் கீழே விரலால் அழுத்தி எந்தச் சதை இறுகுகிறது என்று பார்ப்பாள். அதே விரலால் போய்க் களிமண்ணை அழுத்துவாள். கீழுதட்டைச் சுரண்டி உள்ளே தள்ளினாள். மோவாயில் கட்டை விரலால் சின்னச் சின்னக் குழிகள். இடது ஓரத்தைத் துளி இறக்கினாள். கண்ணை அவள் தொடவேயில்லை, ஆனால் கண்ணும் அப்பாவுடையதாகிவிட்டது. கத்த வேண்டும் போலிருந்தது, வாயில் மெழுகு.

அம்மாவைக் கூப்பிட்டோம். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை வாசற்படியில் நிற்கவில்லை, நேரே ஸ்டூல் வரைக்கும் போய்விட்டாள்.

அம்மா எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

“அதான் வீட்டுக்கு வந்தாச்சே. பல்லக் கழட்டி வச்சுட்டு உக்காருங்க” என்றாள், சிலையிடம்.

அக்கா களிமண் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள்.