சிங்கிப் பாரில் ஒரு சனிக்கிழமை

வெள்ளி, மதியம் 2.10. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம்.

ஆடித் தேர் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ரத வீதியில் பந்தல் கால்களை இன்னும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இரண்டு பலகைகள், ஒரு தோள்பை, ஒரு மாத்திரைப் பட்டை. பலகைகளைப் பழைய போர்வைகளில் சுற்றி, நான்கு இடங்களில் கயிறு கட்டியிருந்தேன். என்னுடையது ஏழு அடி. தம்பி முருகேசனுடையது ஆறடி இரண்டு அங்குலம். அவன் ராஜபாளையத்தில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு.

நடத்துனர் படியில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

“ஏக்கா, யார் வீட்டுக் கதவப் பேத்து எடுத்துட்டு வாரீக?”

“கதவு இல்லண்ணே. கடல்ல அலை மேல போற பலகை.”

“இங்கன எங்கக்கா கடலு இருக்கு?”

“இல்லைன்னுதான பஸ்ல போறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே கடைசி இருக்கைக்குக் கீழே நீளவாக்கில் வைக்கச் சொன்னார். பலகைக்குத் தனி டிக்கெட் போட்டார். எனக்கும் பலகைக்கும் ஒரே கட்டணம்.

ராஜபாளையம் 11 கி.மீ. முருகேசன் மில்லில் வைண்டிங் பிரிவில் பிட்டர். நானும் அதே மில்லில்தான், பரிசோதனைக் கூடத்தில் நூல் சோதிக்கிறேன். அவன் ஷிப்ட் முடிந்த கையோடு, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, ஓடி வந்து ஏறினான். ஏறியதும் முதல் வேலையாகப் போர்வைக்குள் கையை விட்டு இரண்டு பலகைகளையும் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இந்தப் பயணம் ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேலை பார்த்த காலத்தில், முப்பத்து மூன்று வயதில், அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டேன். இப்போது எனக்கு நாற்பத்தேழு. ஊர் திரும்பியபின் தம்பிக்கும் கற்றுக் கொடுத்தேன். மணல் கரையில் உடையும் அலைகள் பலவற்றில் நின்றிருக்கிறேன். பாறை மேல் உடையும் அலை ஒன்றில்கூட நின்றதில்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே, கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, அப்படி ஓர் இடம் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை மீனவர்கள் பார் என்பார்கள். அங்கே சிங்கி இறால் கிடைப்பதால் அது சிங்கிப் பார். நான்கு வருடத்தில் நான்கு முறை போயிருக்கிறோம். மூன்று முறை அலை இல்லை. ஒரு முறை அலை இருந்தது, எனக்குத் தைரியம் இல்லை.

வலது தோளில் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை மதுரையில் அறுவை சிகிச்சை. “தலைக்கு எண்ணெய் வைக்கலாம், சேலை கட்டலாம், பாத்திரம் தூக்கலாம். கடலை மட்டும் மறந்துடுங்கம்மா” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே இது ஐந்தாவது பயணம், எனக்குக் கடைசி. மாத்திரை போட்டால் இந்தத் தோள் மூன்று முறை பலகையைத் துழாவி அலைக்குக் கொண்டுபோகும் என்று கணக்கிட்டிருந்தேன். அதற்கு மேல் தாங்காது.

மாலை 6.35. திருநெல்வேலி.

சங்கரன்கோவில் தாண்டியதும் மேல்காற்று பேருந்தை ஒரு பக்கமாகத் தள்ளியது. ஜன்னலை அடைத்தும் வாயில் மண். முருகேசன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். நல்லவேளை, இடது தோள். திருச்செந்தூர்ப் பேருந்தில் கூட்டம். முருகன் கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பம் பலகைகளைக் காவடி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டது. நாங்கள் திருத்தவில்லை.

இரவு திருச்செந்தூரில் ஒரு விடுதி, 900 ரூபாய் அறை. ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிட்டேன். முருகேசன், “பலகைக்கு மெழுகு நான் தேச்சுக்குறேன், நீங்க தூங்குங்கக்கா” என்றான்.

சனி, காலை 5.15.

ஆட்டோவின் கூரையில் பலகைகளைக் கட்டி 26 கி.மீ. தெற்கே போனோம். ஊரின் பெயரை எழுதவில்லை. படகுக்காரர் சூசை அண்ணன் கேட்டுக்கொண்டது அது. பாரைச் சுற்றி அந்த ஊராரின் சிங்கி வலைகள் கிடக்கின்றன, பலகைக்காரர்கள் கூட்டமாக வந்தால் வலை கிழியும் என்பது அவர் கவலை. நியாயமானதுதான்.

சூசை அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் வள்ளத்தைத் தட்டினார்.

“வந்துட்டியளா? நாளைக்கு வாரோம்னு சொல்லிருந்தா கதவச் சாத்திருப்பேன். ஞாயித்துக்கிழம நாங்க யாரும் கடல்ல எறங்க மாட்டோம், பூசைக்குப் போவணும்.”

“அதான் இன்னைக்கே வந்தோம்ணே.”

“இன்னைக்கும் ஒம்போதரைக்கு மேல நிக்க மாட்டேன். காத்து கூடிரும். கரைக்காத்து, தள்ளுனா நேரா நடுக்கடலுக்குத்தான் தள்ளும். பொறவு ஒங்கள எலங்கையிலதான் போய்த் தேடணும்.”

6.40க்கு வள்ளம் தண்ணீரில் இறங்கியது. இருபது நிமிடம். கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நெருங்கினால்தான் ஒரு இடத்தில் மட்டும் கடல் பச்சையாக மாறியிருப்பதும், அங்கே தண்ணீர் திடீரென்று எழுந்து நிற்பதும் தெரியும்.

மணல் கரையில் அலை தளர்ந்து தளர்ந்து உடையும். இங்கே ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் பாறையில் முட்டிக்கொண்டு ஒரே நொடியில் நிமிர்ந்துவிடுகிறது. அன்று அலையின் உயரம் என் தலைக்கு மேல் ஒரு முழம். உடையும் இடத்தில் ஆழம் இடுப்பளவுதான். கீழே பாறை, அதன்மேல் கத்தி விளிம்புள்ள சிப்பிகள். போதாததற்கு, நீவாடு எனப்படும் உள்ளோட்டம் வடக்கே இழுக்கிறது. பல வருடம் பழகாதவர்கள் இங்கே வரக்கூடாது என்பதற்கு இவையே போதும். பழகியவர்களும் யோசிக்க வேண்டும். நான் யோசித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்கினேன்.

காலை 7.20.

முதலில் நான் இறங்கினேன். முருகேசன் வள்ளத்தில் இருந்தான், ஒருவர் அலையில் இருக்கும்போது மற்றவர் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். பாரின் தெற்கு முனையைச் சுற்றிப் போக பதினெட்டு நிமிடம் ஆனது. தோளில் வலி இருந்தது, பொறுக்கும்படிதான் இருந்தது. மூன்று அலைகளை விட்டுவிட்டு நான்காவதற்குத் துழாவினேன். அலை என்னைத் தூக்கியது. கைகளை ஊன்றி எழுந்து, கால்களைப் பலகையில் வைத்தேன்.

கால்கள் அங்கே நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் கொட்டிய சிமெண்டுத் தரையில் வைத்ததுபோல இரண்டும் ஒன்றாக வழுக்கின. விழும்போது உடம்பைத் தட்டையாக விரித்தேன், அதனால் பாறையில் குதிகால் மட்டுமே பட்டது. அடுத்த அலை தலைமேல் உடைந்தது. மேலே வந்தபோது நீவாடு என்னை வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது. சூசை அண்ணன் வந்து, இடது கையைப் பிடித்து வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார்.

குதிகாலில் ஒன்றரை அங்குலக் கீறல். துணியைக் கட்டிக்கொண்டு பலகையைத் தடவினேன். பிறகு விரலை முகர்ந்தேன். எனக்கு மிக நன்றாகத் தெரிந்த வாசனை.

“முருகேசா, இதுல என்ன மெழுகு தேச்ச?”

“புது மெழுகுக்கா. வழவழன்னு சுத்தமா இருக்கும்.”

“எங்க வாங்குன?”

அவன் கடலைப் பார்த்தான். “ஆன்லைன்ல போட்டது வரல. அதான் நம்ம வைண்டிங்ல இருந்து ரெண்டு எடுத்தாந்தேன். மெழுகு மெழுகுதானக்கா?”

“நூலுக்கு அத எதுக்குலே போடுதாக?”

“திருப்பூர்ல ஊசியில சிக்காம, நல்லா வழுக்கிட்டு…”

அவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். அலைப் பலகையில் தேய்க்கும் மெழுகு கால் ஒட்டுவதற்கு. பனியன் நூலில் தேய்க்கும் மெழுகு எதுவும் ஒட்டாமல் இருப்பதற்கு. பன்னிரண்டு வருடமாக அந்த மெழுகின் உராய்வை அளந்து, ‘குறைவு, சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான். காலையில் ஆட்டோவில் கட்டும்போது இதே பலகையைத் தொட்டேன். வழவழப்பாக இருந்தது. நன்றாகத் தேய்த்திருக்கிறான் என்று நினைத்தேன். குற்றம் அவனுடையது மட்டும் இல்லை.

சூசை அண்ணன் சத்தமாகச் சிரித்தார். “மில்லுக்காரப் பயலுவளா! நெத்திலிக் கருவாட்டத் தேச்சிருந்தாக்கூட நின்னுருக்கும்.”

கத்தியால் சுரண்டிப் பார்த்தார். மெழுகு போனது, எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை.

முருகேசன் தன் பலகையை எடுத்து என் பக்கம் தள்ளினான். அதில் போன வருடத்துப் பழைய மெழுகு அழுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. “எனக்குப் புதுசு பத்தல, ஒங்களுக்கே போட்டேன். இதுல கால் நிக்கும். எடுத்துக்கோங்க.”

“ஒனக்கு?”

“நீங்க வந்த பொறவு போறேன்.”

மணி 8.05. அவனுக்கு நேரம் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். அவனும் ஐந்து முறை வந்தவன்தான். வேண்டாம் என்று ஒரு முறைகூட நான் சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

காலை 8.15.

சிறிய பலகை என் கனத்துக்கு அதிகமாக அமிழ்ந்தது. இடது கையால் இரண்டு துழாவல், வலது கையால் ஒன்று என்று போனேன். முனைக்குப் போக முப்பத்து நான்கு நிமிடம். வலது கையை நீட்டும்போதெல்லாம் தோளுக்குள் யாரோ துணி கிழிப்பதுபோல இருந்தது. இரண்டு அலைகளுக்கு முயன்றேன். இரண்டும் என்னை விட்டுவிட்டுப் போயின. கணக்கிட்டிருந்த மூன்று முறையும் தீர்ந்துவிட்டது என்று அப்போது புரிந்தது. கை அவ்வளவுதான்.

பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மேற்கே கரை ஒரு மங்கலான கோடு. கரைக்காற்று கூடி, நீர்த்துளிகளை வாரி முகத்தில் அடிக்க ஆரம்பித்திருந்தது. அடுத்து வந்த அலைக்கு அதிகம் துழாவ வேண்டியிருக்கவில்லை. பாரின் உச்சிக்கு மிக அருகில், நிற்கக் கூடாத இடத்தில், இருந்தேன். அது என்னை எடுத்துக்கொண்டது.

எழுந்தேன். கால் நின்றது. கீழே தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது, பாறையின் பழுப்பும் வெள்ளையும் காலுக்கடியில் வேகமாக ஓடின. இடப்பக்கம் தண்ணீர்ச் சுவர் என் கண் மட்டத்துக்கு மேல் நின்றது. அதைத் தொட்டுப் பார்க்க நினைத்து இடது கையை நீட்டினேன். தொட்டேன். பார் முடிந்து ஆழம் தொடங்கிய இடத்தில் அலை தளர்ந்தது. நான் உட்கார்ந்து, பிறகு படுத்துக்கொண்டேன்.

மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வலி வந்தது, தூக்கம் வந்தது. பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு வள்ளம் வரும்வரை அசையாமல் கிடந்தேன்.

“பதினொரு நொடிக்கா! வாய்விட்டு எண்ணுனேன்” என்று முருகேசன் கத்தினான்.

“எட்டுதான்” என்றார் சூசை அண்ணன். “ஒன் தம்பி வேகமா எண்ணுறான்.”

நான் பதினொன்று என்றே குறித்துக்கொண்டேன்.

காலை 9.10.

“இப்ப நீ போலே” என்றேன். முருகேசன் எழுந்து, பலகையோடு பிணைக்கும் கயிற்றைக் காலில் கட்டத் தொடங்கினான். சூசை அண்ணன் மேற்கே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அலைகளின் முகட்டிலிருந்து நுரை பின்னால் பறந்துகொண்டிருந்தது.

“இல்லப்பா. காத்து வந்துட்டு. ஒக்காரு.”

“ஒரே ஒரு தடவண்ணே.”

“ஒக்காருன்னேன்.”

அவன் உட்கார்ந்து, கட்டிய கயிற்றை மெதுவாக அவிழ்த்தான். எஞ்சின் ஓடத் தொடங்கியது.

மதியம் 1.40. திருநெல்வேலி நோக்கி.

வலது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். முருகேசன் எனக்கு வடையைப் பிய்த்துக் கொடுத்தான். ஸ்ரீவைகுண்டம் தாண்டியபின் கேட்டான்.

“எப்படிக்கா இருந்துச்சு?”

“கீழ பாறை தெரிஞ்சுது. ஒரு சிங்கி மீசைய ஆட்டிட்டு என்னையே பாத்துச்சு.”

“பொய்.”

“பொய்தான்.”

அவன் சிரித்தான். பிறகு, “அடுத்த வருசம்…” என்று தொடங்கி, என் கையைப் பார்த்து நிறுத்தினான்.

“அடுத்த வருசம் நீ வா. என் முறையும் ஒனக்குத்தான்.”

“தனியாவா? போங்கக்கா. என்னைய யாரு பாத்துக்குவா?”

“வள்ளத்துல நான் ஒக்காந்திருப்பேன். எண்ணுறதுக்கு.”

“எட்டுன்னு சொல்லுவீக.”

“எட்டுன்னா எட்டுதான்.”

இரவு 7.50. ஸ்ரீவில்லிபுத்தூர்.

மொத்தம் 366 கி.மீ., இரண்டு நாள், பதினொரு நொடி. போகாதவர்களுக்கு இதிலிருந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. மலையடிவாரத்து ஊர் இது, எதுவும் அசையாது. கண்மாயில் இந்த மாதம் தண்ணீரும் இல்லை.

ஆனால் ஞாயிறு காலை அடுப்படியில் நின்று அரிசி களைந்தபோது தரை ஆடியது. மெதுவாக ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. நாள் முழுவதும் கடலில் இருந்துவிட்டு வந்தால் இப்படி ஆகும், புதிதல்ல. முன்பெல்லாம் அது எப்போது நிற்கும் என்று எரிச்சலாக இருக்கும். இந்த முறை சுவரைப் பிடிக்காமல் நின்றேன். குளிக்கும்போது ஆடியது. திங்கள்கிழமை மில்லில், மேசையில் சாய்ந்து நின்றபோதும் லேசாக ஆடியது. அப்புறம் வேலை வந்தது, நூல் வந்தது, யாரோ கையெழுத்துக் கேட்டார்கள், இடது கையால் போட்டேன். மாலையில் பேருந்துக்கு நிற்கும்போதுதான் தரை அசையாமல் இருப்பதைக் கவனித்தேன்.

எந்த மணிக்கு நின்றது என்று குறித்துக்கொள்ளத் தவறிவிட்டேன்.