சுவருக்கு அந்தப் பக்கம்

மஸ்கட் ரூவியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை எனக்கு. பஞ்சர், செயின், பிரேக். பதினோரு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை கடை லீவு. குளிர் மாதங்களில் அன்றைக்கு என்னை மலைக்கு அனுப்புவார்கள்.

மலைக்குச் சைக்கிள் ஓட்ட வெள்ளைக்காரர்கள் வருவார்கள். மஸ்கட்டில் பெரிய ஆபீஸ்களில் இருப்பவர்கள். தார் ரோடு இல்லை, ஜல்லிப் பாதை. ஒரு வண்டி வராது. அதற்காகவே காசு கொடுத்து வருகிறார்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் கல் அடுக்கிக் கட்டிய படி வயல்கள். மாதுளை, திராட்சைக் கொடி. அவர்கள் ஊரில் திராட்சைத் தோட்டம் வழியாக ஓட்டிப்போய் ஊருக்கு ஊர் நின்று ஒயின் குடிப்பார்களாம். இங்கே திராட்சை உண்டு, ஒயின் கிடையாது. கீழே வேனில் டப்பா ஜூஸ் கொடுப்போம். அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொள்வார்கள்.

முன்னால் வழி காட்டிப் போவது ஓமானி இளைஞர் ஒருவர். பின்னால் வருவது நான். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. அதுதான் என் வேலை. காலையிலேயே பாதை நெடுக சிவப்பு அம்பு அட்டைகளை ஜல்லியில் குத்தி வைத்திருப்பார்கள். கடைசி ஆள் கடந்ததும் நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். வேனுக்கு வந்ததும் ஓமானி கேட்பார், "பாய், கலாஸ்?" நான் "கலாஸ்" என்பேன். எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். ஒருவர் குறைந்தாலும் என் வேலை போய்விடும். முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

வேன் டிரைவர் தஞ்சாவூர்ப் பக்கம். என்னை "வாலு" என்பான்.

"வாலு வந்துருச்சு, தலையெல்லாம் எண்ணிக்கங்க" என்று ஓமானியிடம் தமிழிலேயே சொல்வான். அவருக்குப் புரியாது. சிரிப்பார்.

பாதையில் இரண்டு ஊர். முதல் ஊரில் ஆள் இல்லை. எல்லாரும் ரோட்டோரம் புது வீடு கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். வீடுகள் கல்லும் மண்ணும். சில வீட்டில் மாடி விழுந்துவிட்டது. கதவுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு வீட்டு வாசலில் துணி காயப்போடும் கயிறு, அதில் நாலு கிளிப். வாய்க்காலில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே இருக்கும் திராட்சைக்குப் போகிற தண்ணீர். ஆள் இல்லாத ஊரில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் யாரோ பாத்திரம் கழுவுவது போல இருக்கும். எனக்குப் பேய் பயம் கிடையாது. ஆனால் அந்த ஊருக்குள் சைக்கிள் மணி அடிக்க மாட்டேன். ஏன் என்று தெரியாது.

அன்று பன்னிரண்டு பேர். கடைசியாக ஓட்டியவர் ஒரு மேடம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெதுவாக ஓட்டுவார். திரும்பிப் பார்த்து "சாரி, சாரி" என்பார். நான் "நோ ப்ராப்ளம் மேடம்" என்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

அந்த ஊருக்குள் நான் நுழைந்தபோது அவர் சைக்கிள் ஒரு சுவரில் சாய்ந்திருந்தது. ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கியது. அவர் இல்லை.

ஒதுங்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். நாங்கள் தங்கும் கேம்பில் முன்பு ஒருவன் இருந்தான். ஒரு பெண்ணைப் பார்த்தான் என்று கம்ப்ளெயின்ட். மறுவாரமே ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். பார்த்தானா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் நான் நிற்கவில்லை. ஊரைத் தாண்டி வளைவில் போய், முதுகைக் காட்டி நின்றேன். போகிற வழியில் இருந்த அம்புகளைப் பிடுங்கிக்கொண்டே போனேன். அவர் எனக்குப் பின்னால் இருக்கிறார் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. கை பழக்கம்.

பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. பெண்கள் என்றால் நேரம் ஆகும் என்று நினைத்தேன். போட்டோ எடுப்பார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காமலே நின்றேன். உச்சி வெயில் வந்துவிட்டது. நிழல் சுருங்கிவிட்டது. வாய்க்கால் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

திரும்பிப் போனேன். சைக்கிள் அப்படியே இருந்தது. தண்ணீர் பாட்டிலும் அதிலேயே இருந்தது.

"மேடம்" என்று கூப்பிட்டேன். பேர் தெரியாது. அந்தச் சந்துகளில் சத்தம் போய்த் திரும்பி வரவில்லை. இரண்டாம் முறை கத்தினேன். ஒரு புறா பறந்தது. வேறு வழியாக வெளியே போயிருந்தால் அவருக்கு அம்பு கிடையாது. எல்லாம் என் பையில் இருந்தது. மேலே போனால் மொட்டை மலை. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

கீழே போய்ச் சொல்லலாம். அரை மணி ஓட்டம். ஆள் வருவார்கள், என் வேலை போகும். அது பெரிதாகத் தெரியவில்லை அப்போது. நான் போன பிறகு அவர் இங்கே வந்து நின்றால் என்ன செய்வார் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. பையைக் கவிழ்த்தேன். சந்து சந்தாக அம்பு குத்தினேன். எல்லா அம்பும் அவர் சைக்கிளைப் பார்த்து இருக்கும்படி.

ஏழாவதோ எட்டாவதோ குத்தும்போது கேட்டது. டொக், டொக், டொக். மூன்று. கல்லில் கல் தட்டுகிற சத்தம். நின்றேன். கொஞ்சம் விட்டு இன்னொரு மூன்று. அது வேறு இடத்திலிருந்து வந்தது. கனமாக, மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. எதிரொலி என்று நினைத்தேன். மறுபடியும் முதல் மூன்று. மறுபடியும் அந்த மூன்று. என் குரல் எதிரொலிக்காத சந்து அது. அதுவும் அப்போது தோன்றவில்லை.

"மேடம்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கனமான சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. மற்றது நிற்கவில்லை. அதை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

மாடித் தளம் உடைந்து கீழே இருந்த சின்ன அறைக்குள் விழுந்திருந்தார். பேரீச்சம்பழம் சேர்த்து வைக்கிற அறை, ஜன்னல் இல்லாதது. அறைக் கதவை இடிந்த மண் அடைத்திருந்தது. கையால் வாரினேன். அம்பு அட்டையால் தோண்டினேன். ஆள் நுழைகிற அளவு வந்ததும் உள்ளே போனேன். அவர் முகமெல்லாம் புழுதி. கணுக்கால் திரும்பிக் கிடந்தது. கையில் ஒரு கல். தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்து வாய்க்கால் ஓரம் நிழலில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சைக்கிள் சாமான் பேரும் இன்னும் கொஞ்சமும்தான். ஆனால் அவர் சொன்னது புரிந்தது. நீ சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாய். நான் தட்டினால் நீ தட்டினாய். விட்டுப் போகவே இல்லை.

நான் தட்டவே இல்லை. கையையும் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

வால் வரவில்லையே என்று ஓமானியும் டிரைவரும் பாதையில் எங்களைத் தேடி மேலே வந்துவிட்டார்கள். மேடம் அவர்களிடமும் அதையே சொன்னார். ஓமானி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். டிரைவர் மேடத்தை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டே என் காதருகில் கேட்டான்.

"அண்ணே, ஒரு மணி நேரமா தட்டிக்கிட்டா இருந்தீங்க? தோண்டிருக்கலாம்ல?"

"பாத்து நட. படி ஒடஞ்சிருக்கு."

"இல்ல, கேக்குறேன்."

"நட."

தட்டினேன் என்றால் ஏன் தோண்டவில்லை என்பான். தட்டவில்லை என்றால் எங்கே இருந்தாய் என்பான்.

அவர்கள் மேடத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் சைக்கிளையும் அம்புகளையும் எடுக்க நான் மட்டும் நின்றேன். எடுப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அறை இருந்தது உண்மைதான். கூரை விழுந்து தரையிலிருந்து மேல்வரை மண் மூடியிருந்தது. மண் மேல் முள்செடி முளைத்துக் காய்ந்து, மறுபடி முளைத்திருந்தது. ஒரு பூனை நிற்க இடம் இல்லை. கல்லை எடுத்துத் தட்டிப் பார்க்கலாம் என்று கை போனது. தட்டவில்லை. பதில் வந்தால் நான் என்ன செய்ய.

அடுத்த வாரம் ஆபீசில் கூப்பிட்டார்கள். மேனேஜர் மதுரைக்காரர். மேஜையில் ஒரு காகிதம்.

"அந்தம்மா எழுதியிருக்காங்க. நீ அவங்கள விட்டுப் போகலையாம். அதனால இந்த மட்டும் தப்பிச்ச. இப்படித்தான் நடந்துச்சுன்னு கையெழுத்துப் போடு."

"சார், அந்தத் தட்டுனது..."

"என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை. சம்பளம் வாங்கினேன், ஊருக்கு அனுப்பினேன். ஆனால் வேறு யாரோ செய்த வேலைக்கு வாங்குகிற மாதிரியே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மேடம் கடைக்கு வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. சிரித்துக்கொண்டே வந்து விரல் முட்டியால் மேஜையில் மூன்று தட்டினார். நான் பதிலுக்குத் தட்டுவேன் என்று காத்திருந்தார்.

என் கை மேஜை மேல்தான் இருந்தது. தட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"மேடம், நாட் மீ" என்றேன். வெளியே, ரோட்டைக் காட்டினேன். தூரத்தில் நின்றேன், முதுகைக் காட்டி நின்றேன் என்று திரும்பி நின்று செய்து காட்டினேன். "ஒன் ஹவர். சாரி மேடம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மேனேஜருக்குப் போன் போடுவார் என்று நினைத்தேன். போடட்டும் என்றுதான் சொன்னேன். அவர் சிரிப்பு மட்டும் நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். விழுந்ததில் மயங்கிக் கிடந்தாராம். அந்தத் தட்டல் கேட்டுத்தான் கண் விழித்தாராம். முதலில் தட்டியது அவர் இல்லை. அதற்குப் பிறகுதான் கல்லைத் தேடி எடுத்தாராம்.

ரோட்டுக்குப் போய் டாக்சி பிடித்துக்கொடுத்தேன். ஊன்றுகோலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.