ஆடுகள் முதலில்

படகுத்துறையில் கயிறு பிடிக்கும் அவரைக் கயிற்றுக்காரர் என்பார்கள். எப்போதும் ஆடுகளைத்தான் முதலில் ஏற்றுவார். ஒன்று பலகையில் கால் வைத்தால் மற்றவை சத்தமில்லாமல் பின்னால் போகும். அதைப் பார்த்து மனிதர்களும் கொஞ்சம் அடங்குவார்கள். ஒருநாள் ஆட்டுக்காரர் தாமதிக்க, பொறுமையிழந்த கயிற்றுக்காரர் ஆட்களை முதலில் விட்டார். முண்டியடித்த கூட்டம் அவரையே தண்ணீரில் தள்ளிவிட்டது. துறையில் முப்பது வருஷம் இருந்தும் நீச்சல் மட்டும் வராத மனுஷர். அதே கூட்டத்திலிருந்து ஏழெட்டுக் கைகள் நீண்டு அவரை அள்ளி மேலே போட்டன.

மறுநாளிலிருந்து, வாய் திட்டினாலும், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார்.

“தள்ளிவிட்டவங்களுக்குப் போய் கை குடுக்குறீங்களே?” என்றாள் மனைவி.

“தள்ளினது யாருன்னும் தெரியல, தூக்கினது யாருன்னும் தெரியல. நான் கை குடுக்காம விடுற ஆளு, தூக்கினவரா இருந்துட்டா?”