பக்கத்துக் கல்லறைத் துரை

ஏற்காட்டின் பழைய கல்லறைத் தோட்டத்தில் இன்று கல்லறைத் திருநாள். பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. அதற்குள் நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள் எரிகின்றன. உறவென்று யாருமே வராத வெள்ளைக்காரர்களின் கல்லறைகளிலும் சாமந்தி மாலை கிடக்கிறது.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஸ்டெல்லா, தன் கணவரின் கல்லறையில் பூ வைத்துவிட்டு, பக்கத்தில் பாசி மூடிக் கிடக்கும் கல்லுக்கு நகர்கிறார். அங்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு டம்ளர் கடுங்காப்பி வைக்கிறார்.

"இது யாருங்க?" என்று கேட்கிறேன்.

"தெரியாதுங்க. யாரோ ஒரு தொரை. எங்கூட்டுக்காரருக்குப் பக்கத்துல படுத்திருக்காரு, அம்போன்னு உட முடியுங்களா? பதினோரு வருசமா வெக்கறேன். ஏனுங்க, நீங்க இங்கிலீசு படிப்பீங்களா? பேரு என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

கைக்குட்டையை நனைத்துப் பாசியைத் துடைக்கிறேன். பெயர் அழிந்துவிட்டது. கீழே ஒரு வரிதான் மிஞ்சியிருக்கிறது.

"பேரு தெரியலீங்க. எட்டு மாசக் குழந்தைன்னு மட்டும் இருக்கு."

ஸ்டெல்லா சட்டென்று குனிந்து டம்ளரை எடுக்கிறார்.

"பச்சக் கொழந்தைக்கா இத்தன வருசமாக் கடுங்காப்பி வெச்சேன்!"

இரண்டு வரிசை தள்ளிக் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் ஓடுகிறார். அவளுடைய பால் புட்டியை வாங்கி வந்து, முதல் சொட்டைத் தன் புறங்கையில் விட்டுப் பார்க்கிறார். என்னை அறியாமல் நான் செருப்பைக் கழற்றுகிறேன்.

கல்லின் மேல் பால் மெல்ல இறங்குகிறது.

"சூடில்ல, குடி சாமி," என்கிறார்.